மக்னார் பெல்ட் மாட்டிய சனிக்கிழமை

பொறாமை வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் குடிப்பார்கள். மக்னார் விறகு அடுக்குவான். அவன் வீட்டுச் சுவரோரம் விறகு எவ்வளவு உயரம் என்று பார்த்தாலே போதும், அந்த வாரம் அவன் மனசு எப்படி இருந்தது என்று எங்கள் தீவில் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். இந்த வசந்தத்தில் அது ஏறி ஏறி என் ஜன்னலையே மறைத்துவிட்டது. நான் அவன் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவன். மே மாதம், வெளியே பளீரென்று வெயில், உள்ளே நான் விளக்குப் போட்டுக்கொண்டு கஞ்சி குடித்தேன். காரணம், மேட்டு வீட்டுத் தோர்கைர்.

மக்னாருக்கு ஃபெர்ரியில் வேலை. தளத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு கார்களை உள்ளே அனுப்பி, ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்திவைப்பவன் அவன்தான். நான் அதே ஃபெர்ரியின் சமையல்கட்டில் ஸ்வேலே என்கிற அப்பம் சுடுகிறேன். கனமாய், மெத்தென்று, நடுவில் பழுப்புச் சீஸ் வைத்து மடித்துக் கொடுப்போமே, அது. மக்னாரின் குரலில் பேசிக் காட்டுவது சுலபம். பீப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, யாரோ எழுப்பிவிட்ட கோபத்தில் பேசினால் போதும். "வா, வா, வா... நில்லு! தாண்டிட்ட. பரவாயில்ல, கொஞ்சம் பின்னாடி வாங்கு." ஒரு நாளில் இதை எத்தனை முறை சொல்வான் என்று அவனுக்கே தெரியாது. கோட்டைத் தாண்டி நிற்கிற காரையெல்லாம் அவன் இரண்டு விரலை ஆட்டிப் பின்னால் இழுத்துவிடுவான். ஃபெர்ரியும் அப்படித்தான், அதற்கு இரண்டு பக்கமும் முன்பக்கம்தான். துறையில் கொஞ்சம் முன்னே போய்விட்டால் கொஞ்சம் பின்னே வரும். மக்னாருக்குத் தெரிந்த உலகத்தில், தாண்டிப் போனதெல்லாம் பின்னால் வாங்கினால் சரியாகிவிடும்.

அவன் மனைவி ஓஷில்ட், அக்கரையில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பழைய சிவப்புக் காரில் மாதத்துக்கு ஒரு கோளாறு வரும். வந்தால், நேரே மேட்டு வீட்டுக்குப் போவாள். தோர்கைரிடம் பெரிய கொட்டகை உண்டு, காரை மேலே தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் உண்டு, தலை நிறைய முடியும் உண்டு. மூன்றில் எது மக்னாரை அதிகமாக உறுத்தியது என்று சொல்வது கஷ்டம். தோர்கைர் பேசுவது குறைவு. 'ஆமா' என்பதை எங்கள் பக்கத்தில் பலரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள்; ஆனால் தோர்கைர் இழுக்கிற இழுப்பில் எதிரே காகிதம் இருந்தால் பறந்து வரும். "ஹ்ஆமா." அவ்வளவுதான் அவன் பேச்சு. அப்படிப்பட்டவனிடம் போய்விட்டு இவள் எதற்குச் சிரித்த முகத்தோடு வருகிறாள் என்பதுதான் மக்னாருக்குப் புரியாத விஷயம்.

மாடியில் அவர்கள் பேசுவது என் சமையலறைக் கூரை வழியாக அப்படியே கேட்கும்.

"தோர்கைர் எப்படி இருக்கான்?" இது மக்னார். பொறாமை வந்தால் ரொம்ப மரியாதையாகிவிடுவான்.

"நல்லாத்தான் இருக்கான்."

"கார்ல என்னவாம்?"

"பிரேக் கட்டை தேஞ்சு போயிருந்துச்சு. மாத்தியாச்சு."

"அதுக்கு மத்தியானம் முழுக்கவா?"

"துரு பிடிச்சிருந்துச்சுப்பா. போல்ட் ஒண்ணும் அசையல."

"ஸ்வேலே கொண்டு போன போல?"

"கொண்டு போனேன். சும்மா போவாங்களா?"

"ஏலக்காய் போட்டியா?"

"என்ன கேள்வி இது? போட்டேன்."

"எனக்குப் போட மாட்ட."

"நீதான் நாள் முழுக்க ஃபெர்ரியில தின்னுட்டு வர்றியே! வீட்டுல அந்த வாசனையே வேண்டாம்னு சொன்னது யாரு?"

கொஞ்ச நேரத்தில் வெளியே விறகு அடுக்கும் சத்தம் கேட்கும். என் ஜன்னல் இன்னும் ஒரு வரிசை இருட்டாகும்.

இப்படி இருக்கும்போதுதான் டைமிங் பெல்ட் விவகாரம் வந்தது.

"மாத்த வேண்டிய கெடு எப்பவோ தாண்டிடுச்சு," என்றாள் ஓஷில்ட். "இனிமேலும் ஓட்டினா பயமா இருக்கு. சனிக்கிழமை தோர்கைர் கொட்டகைக்குக் கொண்டு போறேன்."

"வேண்டாம். நானே மாத்துறேன்."



"மக்னார், இது பல்பு மாத்துற வேலை இல்ல."

"தோர்கைருக்கு ரெண்டு கை, எனக்கும் ரெண்டு கை."

அந்தப் பெல்ட் என்பது பல் வைத்த ஒரு ரப்பர் வார். எஞ்சினில் மேலே ஒரு பல்சக்கரம் வால்வுகளைத் திறந்து மூடும், கீழே ஒன்று பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும். இரண்டையும் ஒரே தாளத்தில் பிடித்து வைப்பது அந்த வார்தான். தாளம் தப்பினால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். வால்வு வளைந்தால் எஞ்சின் காலி. அவ்வளவு பழைய காருக்கு யாரும் புது எஞ்சின் போட மாட்டார்கள். கார் இல்லாமல் ஓஷில்ட் முதல் ஃபெர்ரியைப் பிடித்து வேலைக்குப் போகவும் முடியாது. எங்கள் பக்கத்தில் பேருந்து என்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். இதெல்லாம் மக்னாருக்குத் தெரியும். ஆனால் அவன் ஆடிய பந்தயம் எஞ்சினுக்காக இல்லை. இனிமேல் கார் இருமினால் அவள் மேட்டைப் பார்க்காமல் தன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

அதற்கு அவன் தேர்ந்தெடுத்த சனிக்கிழமை, டூக்னாட் சனிக்கிழமை. வருஷத்துக்கு ஒருமுறை ஊரே துறையில் கூடி, படகுக் கொட்டகைகளுக்குச் சாயம் பூசி, பனிக்காலக் குப்பையைக் கூட்டி, கடைசியில் சேர்ந்து காபி குடிக்கிற நாள். அன்றைக்கு வராமல் இருப்பதற்கு எங்கள் ஊரில் இரண்டே காரணம் செல்லும். ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று சவப்பெட்டி. நான் வராததற்கு, தோசைக்கல்லில் சுட்டுக்கொண்டு கட்டுப் போட்ட என் வலது கை சாட்சி. மக்னாருக்கு ஒரு சாட்சியும் இல்லை. கலங்காமல் முற்றத்தில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினான்.

அவனிடம் இருந்தது ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், ஒரு சாக்கெட் பெட்டி, ஒரு நீள இரும்புக் குழாய். நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். வலது முன்சக்கரத்தைக் கழற்றினான். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து முட்டுக் கொடுத்தான். ஓஷில்ட் காபியோடு வெளியே வந்தாள். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, சும்மா கிடந்த, போல்ட் திருகுகிற ராட்செட்டைக் கையில் எடுத்தாள்.

"குடு, நான் பாக்குறேன்," என்று மக்னார் அதை வாங்கிக்கொண்டான்.

"அந்தக் கீழ் போல்ட்டைக் கழட்டறப்ப எஞ்சின் சுத்தாம இருக்க, கியர்ல போட்டுப் பிரேக்கையாவது மிதிக்கட்டுமா?"

"சரி. அதை மட்டும் பண்ணு."

அவள் உள்ளே ஏறி மிதித்தாள். அவன் சாக்கெட் கைப்பிடியில் குழாயைச் செருகி அதன்மேல் தொங்கினான். முகம் வெந்த நண்டு நிறத்துக்கு வந்தது. பட்டென்று ஒரு சத்தம். போல்ட் விட்டுக்கொடுத்தது.

"பாத்தியா!" என்றான். ஓஷில்டிடம் இல்லை, மேட்டைப் பார்த்து.

பாராட்ட வேண்டியதைப் பாராட்ட வேண்டும், வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் இருந்த குறிகளை நேர்ப்படுத்தி, ஃபெர்ரித் தளத்தில் கோடு போடுகிற மஞ்சள் பெயின்டில் ஒவ்வொரு சக்கரத்திலும், அதற்கு நேரே எஞ்சின் உடம்பிலும் ஒரு சொட்டு வைத்தான். புதுப் பெல்ட்டை மாட்டினான். தளர்ந்த பக்கத்தை இறுக்கிப் பிடிக்கிற உருளையைத் திருகி முடுக்கினான். மஞ்சளுக்கு நேரே மஞ்சள். ஓஷில்ட் குனிந்து எட்டிப் பார்த்தாள். அவன் முதுகைத் திருப்பி மறைத்தான்.

"சாவியைப் போடுறதுக்கு முன்னாடி கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணும்," என்றாள்.

"யார் சொன்னா? தோர்கைரா?"

"ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க."

"நானும் அதைத்தான் பண்ணப் போறேன்."

கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டைத் தற்காலிகமாகத் திரும்ப மாட்டி, அதில் ராட்செட்டை வைத்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தான். ஒரு சுற்று. எங்கேயும் முட்டவில்லை. இரண்டாவது சுற்று. குறி ஏறி வந்தது, நெருங்கியது, அப்போது பார்த்து வாசலில் ஒரு குரல்.

"உடம்பு சரியில்லையா?"

தோர்கைர். கை முழுக்கக் கொட்டகைச் சிவப்புச் சாயம், மூக்கிலும் ஒரு சொட்டு. துறையில் மக்னாரைக் காணோம் என்று ஊர் கவலைப்பட்டு, அவனை அனுப்பியிருக்கிறது.

மக்னார் நிமிர்ந்த வேகத்தில் ராட்செட் ஒரு இழுப்பு கூடுதலாகப் போய்விட்டது. குறி தாண்டிவிட்டது. அவன் உதடு தானாக அசைந்ததை நான் பார்த்தேன். 'பரவாயில்ல, கொஞ்சம் பின்னாடி வாங்கு.' ராட்செட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமாக இழுத்தான். உள்ளே 'டக்' என்று ஏதோ தாவியது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல," என்றான் மக்னார். "பெல்ட் மாத்துறேன்."

"நீயா?"

"ஏன், மனுஷன் மாத்த மாட்டானா?"

"ஹ்ஆமா," என்றான் தோர்கைர், பக்கத்தில் வந்து குனிந்தான். மக்னாரும் குனிந்தான். கீழே மஞ்சளுக்கு நேரே மஞ்சள். மேலே மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு பல் இடைவெளி.

மக்னார் துணியை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாத இடத்தைத் துடைத்தான். வேறு யாராவது வந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பான். அந்த மூக்கில் சிவப்புச் சொட்டு வைத்த முகத்துக்கு முன்னால் அவனால் முடியவில்லை.

"சரியா இருக்கு," என்றான். "ஸ்டார்ட் பண்ணலாம். ஓஷில்ட், சாவி."

ஓஷில்ட் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மேல ஒரு பல் தள்ளி நிக்குது."

"அது நீ நிக்கிற கோணம்."

"கோணம் இல்ல. தாண்டினதும் பின்னாடி திருப்பின. பின்னாடி திருப்பினா இறுக்கம் அந்தப் பக்கம் போயிடும், தொய்ஞ்ச பக்கம் பல்லுத் தாவும். தாண்டிட்டா, முன்னாடியே இன்னும் ரெண்டு ரவுண்டு போயி வரணும். இது ஃபெர்ரி இல்ல மக்னார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தோர்கைரைப் பார்த்தாள். தோர்கைர் தன் காலணியைப் பார்த்தான். அந்தப் பார்வையைக் கண்ட மக்னாரின் கழுத்து நரம்பைப் பார்த்தபோது, இந்த வீட்டில் இனி என் கதவுக்கும் விறகு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சொல்லிடவா?" என்றான் தோர்கைர். "நீதான் சொல்லாதேன்ன."

"சொல்லு," என்றாள் ஓஷில்ட்.

"போன இலையுதிர்ல என் காருக்குப் பெல்ட் மாட்டினது அவதான்."

மக்னார் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "உன் காருக்கு? அப்ப நீ என்ன பண்ண?"

"விளக்கு பிடிச்சேன்."

"அப்ப பிரேக் கட்டை?"

"அவதான்."

"கிளட்ச்?"

"அவதான். எனக்குத் தோள்பட்டை போச்சுல்ல, மேல தூக்கினா வலி. லிஃப்ட் இருக்கு, கருவி இருக்கு. அவ வந்தா வேலை நடக்குது."

"நீ விளக்கு பிடிப்ப."

"ஹ்ஆமா."

"மத்தியானம் முழுக்க."

"ஹ்ஆமா."

"பேசிக்கிட்டா?"

தோர்கைர் யோசித்தான். "மீன் பத்திக் கொஞ்சம்."

மக்னார் ஓஷில்ட் பக்கம் திரும்பினான். அந்தப் பீப்பாய்க் குரல் சுருங்கி டம்ளர் அளவுக்கு ஆகிவிட்டது. "என்கிட்ட ஏன் சொல்லல? அந்த விளக்கை நான் பிடிக்க மாட்டேனா?"

"நீயா?" என்றாள். "இந்த வீட்டுல ஒரு ஸ்பேனரை எடுத்தா எவ்வளவு நேரம் என் கையில இருக்கும்?" அப்புறம் கன்னத்தை உப்பிக்கொண்டு, முகவாயைக் கழுத்துக்குள் இழுத்துக்கொண்டு சொன்னாள்: "'குடு, நான் பாக்குறேன்.'"

அச்சு அசல் மக்னார். மூச்சு விடும் இடம் உட்பட. இத்தனை நாள் அவன் குரலில் பேசிக் காட்டி ஃபெர்ரி முழுக்கச் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன்.

மக்னார் சிரிக்கவில்லை. கையில் இருந்த ராட்செட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். துணியால் பிடியைத் துடைத்தான். அதை அவளிடம் நீட்டினான். நீட்டின பிறகும் விரல்கள் விடவில்லை. அவள் இழுத்து வாங்க வேண்டியிருந்தது.

அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சக்கரக் குழிக்குள் தலையை விட்டாள். தரையில் கிடந்த கைவிளக்கை, பழக்கதோஷத்தில், தோர்கைர் எடுத்தான்.

"அதை இப்படிக் குடு," என்றான் மக்னார்.

"எனக்கு அவ எங்க பாப்பான்னு தெரியும்."

"எனக்கும் தெரியும். கல்யாணம் பண்ணினவன் நான். குடு."

வாங்கிக்கொண்டான். ஆனால் விளக்குப் பிடிப்பதும் ஒரு வேலைதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கண்ணுல அடிக்காதப்பா. கீழ. இன்னும் கீழ. அது என் காது."

"கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சுப் பிடி," என்றான் தோர்கைர்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"சும்மா சொன்னேன்."

"நீ மீன் பத்திச் சொல்லு."

அவள் உருளையைத் தளர்த்தினாள், பெல்ட்டைப் பக்கவாட்டில் நழுவவிட்டாள், மேல் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தி மஞ்சளோடு மஞ்சள் சேர்த்தாள். திரும்ப மாட்டினாள், முடுக்கினாள். அவள் செய்யும்போது கருவிகள் சத்தமே போடவில்லை. மக்னாரின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. பொறாமைதான், ஆனால் இந்தத் தடவை தோர்கைரின் கொட்டகைமீது இல்லை, முடிமீதும் இல்லை. இத்தனை மத்தியானங்கள் தோர்கைர் இவளை இப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறானே, அதன்மீது.

பிறகு கையால் சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டாவதில் குறி நெருங்கி வந்தபோது, வெயிலில் கண் கூசி, அவளும் ஒரு மயிரிழை தாண்டினாள். மக்னாரின் இடது கை தானாக எழுந்து, இரண்டு விரல் பின்பக்கமாக ஆட ஆரம்பித்தது. அதை அவனே பார்த்துவிட்டு, கையைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

அவள் நிற்காமல் முன்பக்கமாகவே சுற்றினாள். திரும்பவும் இரண்டு சுற்று, முழுசாக. குறியில் நின்றது.

"பாரு," என்றாள், விலகி இடம் விட்டு.

மக்னார் விளக்கை உள்ளே நீட்டி ரொம்ப நேரம் பார்த்தான். கீழே பார்த்தான், மேலே பார்த்தான், மறுபடி கீழே.

"நேரா இருக்கு," என்றான்.

மூடிகள், பெரிய போல்ட், எஞ்சின் தாங்கி, சக்கரம் எல்லாம் ஏறின. போல்ட்டை முடுக்கக் குழாயில் தொங்கும் வேலை மட்டும் மக்னாருக்குக் கிடைத்தது. அதை ஏதோ பதக்கம் வாங்குகிற மாதிரி செய்தான். ஓஷில்ட் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரு இழுப்பு, இரண்டு, பிடித்துக்கொண்டது. தட்டல் இல்லை, இருமல் இல்லை. மக்னார் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"துறை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வரேன்," என்று அவள் கிளம்பினாள்.

மக்னாரும் தோர்கைரும் முற்றத்தில் காது கொடுத்து நின்றார்கள். சத்தம் சரிவில் இறங்கியது, வளைவில் கியர் மாறியது, துறைப் பக்கம் போய் நின்றது.

"அங்க எல்லாரும் இருப்பாங்க," என்றான் மக்னார்.

"ஹ்ஆமா."

"யார் மாத்தினதுன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க."

"என்ன சொல்லுவா?"

"நீ மாத்தினன்னு சொல்லுவா. என் காரைக் கேட்டப்ப நான் மாத்தினேன்னுதான் சொன்னா. எனக்குப் பேரு வந்ததே அப்படித்தான்."

"நீயும் வாங்கி வச்சுக்கிட்ட."

"சும்மா வந்துச்சு. எங்க கொண்டு போய் வைக்கிறது?"

மக்னார் விளக்கை அணைத்துக் கீழே வைத்தான். "எனக்கு வேண்டாம். நான் போய்ச் சொல்றேன், அவதான்னு."

"நானும் வரேன்," என்றான் தோர்கைர். "முதல்ல மாட்டினது என் கார்லதானே. நான் சொன்னா நம்புவாங்க."

"என் பொண்டாட்டி. நான்தான் சொல்லுவேன்."

"அவ செஞ்ச நாலு வேலையைக் கூட நின்னு பாத்தவன் நான், நீ பாத்தது ஒண்ணுதான்."

"நீ இங்கயே இரு. உனக்குத் தோள்பட்டை வலி."

"நடக்கிறதுக்குத் தோள்பட்டை எதுக்கு?"

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் முற்றத்தைவிட்டு இறங்கினார்கள். ஓடவில்லை, அந்த வயசில் எங்கள் ஊரில் காரணம் இல்லாமல் ஓடினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். ஆனால் மக்னாரின் அடி கொஞ்சம் நீண்டது, தோர்கைரின் அடியும் நீண்டது. தோள் தோளை உரச, முகத்தை நேரே வைத்துக்கொண்டு, பேசாமல், வேகவேகமாக நடந்தார்கள். பாதை வளைகிற இடத்தில் மக்னார் சட்டென்று ஆட்டு வேலியைத் தாண்டி, புல்சரிவில் குறுக்கே இறங்கினான்.

தோர்கைரும் தாண்டினான்.